காதலுக்குக் குறுக்கே நிற்பது எது? சரித்திர நாவல் தேர்ந்தெடுப்பவர்களுக்கு

பொன்னியின் செல்வன் 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாக வந்த பிறகு, சரித்திர நாவல் பக்கமே எட்டிப் பார்க்காத பலர் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். படித்து முடித்தவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அடுத்து என்ன படிக்கலாம்? காதல் இருக்கணும். கப்பல், குதிரை, மாறுவேஷம் எல்லாம் இருக்கணும். சேரவே கூடாத ரெண்டு பேர் கதையா இருந்தா இன்னும் நல்லது."

கேட்டவருக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. சாண்டில்யனில் ஊறியவர்கள் 'கடல் புறா' என்பார்கள். கல்கிதான் எல்லாம் என்பவர்கள் 'சிவகாமியின் சபதம்' என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், சாண்டில்யன் தொடருக்காகக் குமுதம் வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்த கதையில் ஆரம்பிப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் நேரம் கேட்கிற புத்தகங்கள். தனக்கு ஒத்துவராத ஒன்றில் தொடங்கி, ஐம்பது பக்கத்தோடு மூடிவைத்துவிட்டு, "இந்த வகையே நமக்கு ஆகாது" என்று முடிவுகட்டிவிட்டவர்கள் நிறைய பேர். அவர்கள் இழந்தது எவ்வளவு என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் ஐந்து நாவல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கல்கியின் பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், சாண்டில்யனின் யவன ராணி, கடல் புறா, அகிலனின் வேங்கையின் மைந்தன். ஐந்திலும் தடைபட்ட காதல் இருக்கிறது, சாகசமும் இருக்கிறது. கடைசி முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன். ஆனால் நடுவில் வரும் ஒன்றிரண்டு திருப்பங்களைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் பார்க்க வேண்டியது, காதலுக்குக் குறுக்கே நிற்கும் சுவர் எதனால் ஆனது என்பதை. வெறும் வில்லன் ஒருவன்தான் தடை என்றால், அவன் செத்ததும் தடை தீர்ந்துவிடும். காதலர்களின் கடமை, குலம், பகை, அவர்களுடைய சொந்தப் பிடிவாதம் இவைதான் தடை என்றால், ஒவ்வொரு அத்தியாயமும் நெஞ்சில் உறுத்திக்கொண்டே போகும். என் கணக்கில் ஒரு தடைக்காதல் நாவலின் தரத்தை முடிவுசெய்வது இந்தச் சுவர்தான். மற்ற எல்லாம் இதற்குப் பிறகு.

அடுத்தது சாகசம் எங்கே நடக்கிறது என்பது. கடலா, கோட்டையா, காடா? கடல் பிடித்தவருக்கு முற்றுகைக் கதையைக் கொடுத்தால் பாதியில் சலித்துவிடும்.

மூன்றாவது, வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு. இரண்டும் கலந்திருப்பதில் தவறில்லை. எது எது என்று தெரிந்துகொண்டு படித்தால் சுவை கூடும். நான்காவது, நாயகிக்குச் சொந்தமாக ஒரு மனம் இருக்கிறதா, இல்லை வர்ணிக்கப்படுவதற்காக மட்டும் நிற்கிறாளா என்பது. கடைசியாக, உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது, படிக்கப்போவது நீங்களா அல்லது பதின்மூன்று வயதுப் பிள்ளையா என்பது.

| நாவல் | காதலுக்குத் தடை | சாகசக் களம் | அளவு |
|---|---|---|---|
| பார்த்திபன் கனவு | தந்தையைப் போரில் இழந்தவன், எதிரி மன்னனின் மகள் | காவிரிக்கரை, காட்டு வழி, கடல் கடந்த தீவு | மூன்று பாகம், ஒரே புத்தகமாகக் கிடைக்கும் |
| சிவகாமியின் சபதம் | அரசகுமாரன், சிற்பியின் மகள். நடுவில் ஒரு சபதம் | காஞ்சி முற்றுகை, வாதாபிப் படையெடுப்பு | நான்கு பாகம் |
| யவன ராணி | அந்நிய நாட்டு அரசி, சோழப் படை உபதலைவன் | புகார், கடல், வெண்ணிப் போர்க்களம் | இரண்டு பாகம் |
| கடல் புறா | கடாரத்து இளவரசி, அலைகடலில் கடமை | பாலூர்த் துறைமுகம், கீழைக்கடல் தீவுகள் | மூன்று பெரிய பாகம் |
| வேங்கையின் மைந்தன் | பகை மன்னனின் மகள், அவனை வெல்ல வந்த வீரன் | ஈழத்து ரோகண மலைநாடு, சோழநாடு, கங்கைப் படையெடுப்பு | மூன்று பாகம் |

## பார்த்திபன் கனவு: முதல் புத்தகம் என்றால் இதுதான்

உறையூரை ஆளும் பார்த்திப சோழன் பல்லவருக்குக் கப்பம் கட்டும் சிற்றரசன். கப்பம் கட்ட மறுத்து, தோற்பது உறுதி என்று தெரிந்தே போருக்குப் போகிறான். போவதற்கு முன் மகன் விக்கிரமனை ஒரு சித்திர மண்டபத்துக்கு அழைத்துப்போகிறான். சோழநாடு ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ட கனவுகளை எல்லாம் அவன் யாருக்கும் தெரியாமல் அங்கே தன் கையாலேயே தீட்டி வைத்திருக்கிறான். அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளை வளர்ந்து, தன் தந்தையை வென்ற நரசிம்ம பல்லவரின் மகள் குந்தவி மேல் மனத்தைப் பறிகொடுக்கிறான். சுவர் எது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. காதலித்தால் தந்தையின் கனவுக்குத் துரோகம், கனவைப் பிடித்துக்கொண்டால் காதல் இல்லை.

இந்த நாவலின் பலம் அதன் சுருக்கம். நாடுகடத்தல், தீவு, இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருதல், நரபலி கொடுக்கும் காபாலிகர்கள், காட்டாற்று வெள்ளம் என்று கதை நிற்காமல் ஓடுகிறது. படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் பேசுகிற இடங்கள் எல்லாம் இதம். அரசர்கள் கதையில் சாதாரண மனிதர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பது எனக்கு இன்றைக்கும் பிடிக்கிறது.

குறை என்று சொன்னால், மர்மம் எளிது. கதையில் அடிக்கடி வந்துபோகும் சிவனடியார் உண்மையில் யார் என்பதை அனுபவமுள்ள வாசகர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். காதலும் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் வந்துவிடுகிறது. அது வளர்வதை அருகிலிருந்து பார்க்கும் அனுபவம் குறைவு.

வெளியே தெரியாத ஒரு செலவும் உண்டு. கல்கி இதை 1941இல் தொடங்கி எழுதினார். சிவகாமியின் சபதம் அதற்குப் பிறகு, 1944 முதல் 1946 வரை வந்தது. ஆனால் கதைக்காலத்தில் சிவகாமிதான் முந்தியது. பார்த்திபன் கனவில் நரசிம்மவர்மர் வளர்ந்த பிள்ளைகளின் தகப்பன். அதைப் படித்துவிட்டு சிவகாமிக்குப் போனால், இளவரசன் மாமல்லனின் காதல் எங்கே போய் நிற்கும் என்பதில் பாதி உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆகவே இரண்டையும் படிக்கும் எண்ணம் இருந்தால் சிவகாமியில் தொடங்குங்கள். ஒன்றுதான் படிப்பேன், அதுவும் இப்போதுதான் முதல்முறை என்றால் இது போதும். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரிசளிக்கவும் யோசிக்காமல் வாங்கலாம்.

## சிவகாமியின் சபதம்: தடை என்றால் இப்படி இருக்க வேண்டும்

ஐந்தில் எனக்கு நெருக்கமானது இது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி காஞ்சி அரண்மனையில் மகேந்திர பல்லவர் முன்னால் அரங்கேற்றம் செய்கிறாள். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, வாதாபியிலிருந்து ஆளும் சாளுக்கிய மன்னன் புலிகேசியின் படை எல்லை தாண்டிவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆட்டம் பாதியில் நிற்கிறது. நாவல் முழுவதற்குமான விதி அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. அவள் கலைக்கும் காதலுக்கும் குறுக்கே ஒவ்வொரு முறையும் போர் வந்து நிற்கும்.

இளவரசன் மாமல்லன் அவளை நேசிக்கிறான். மகேந்திரருக்கு அவள் கலை மேல் அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் மகனுக்கு மனைவியாக, நாளைய பட்டத்தரசியாக அவளை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கலையையும் மகனையும் நாட்டையும் உண்மையாகவே நேசிக்கிறவர். தடை போடுகிறவரை வெறுக்க முடியாமல் செய்துவிடுவதுதான் கல்கி இங்கே காட்டும் பெரிய திறமை. நாகநந்தி அடிகள் என்ற பிக்ஷுவோ அவளைத் தன் வழிக்கு இழுக்கப் பார்க்கிறார். துறவிக்கே காதல் விலக்கு என்பதால், அவருடைய மோகமும் இன்னொரு தடைக்காதல். மூன்றாம் பாகத்துக்கே 'பிக்ஷுவின் காதல்' என்றுதான் பெயர்.

இத்தனையும் வெளிச்சுவர்கள். சிறைப்பட்டு வாதாபி போன பிறகு சிவகாமியே ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறாள். அந்த நகரம் எரிந்தால்தான் அதைவிட்டு வெளியேறுவேன் என்று சபதம் செய்கிறாள். மாமல்லன் உயிரைப் பணயம் வைத்து, மாறுவேடத்தில் அவள் வாசலுக்கே வந்து கூப்பிடுகிறான். அவள் போக மறுக்கிறாள். அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது அவள் மேல் கோபம் வரும், அவளை விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. வேறு எந்தத் தமிழ்ச் சரித்திர நாவலிலும் நாயகியின் மானமே காதலுக்கு இவ்வளவு பெரிய எதிரியாக நின்று நான் பார்த்ததில்லை.

வரலாற்றுப் பக்கம் இது உறுதியான தரையில் நிற்கிறது. 634ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐஹொளெ கல்வெட்டு, புலிகேசி பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்ததைச் சொல்கிறது. நரசிம்மவர்மன் புலிகேசியைத் தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு பாடுகிறது. வாதாபி வீழ்ந்தது 642இல். படைத்தலைவர் பரஞ்சோதிதான் பின்னாளில் அறுபத்து மூவரில் ஒருவரான சிறுத்தொண்டர் ஆனார் என்பது பெரியபுராணச் செய்தி. ஆயனரும் சிவகாமியும் கல்கியின் படைப்பு. இந்த இரண்டு கற்பனை மனிதர்கள் அத்தனை கல்வெட்டுக்கு நடுவிலும் உயிரோடு நடமாடுகிறார்கள். அஜந்தா ஓவியங்களின் அழியாத வர்ண ரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஆயனர் தவிக்கிற தவிப்பு ஒன்றே போதும், அவரை மறக்க முடியாமல் செய்ய.

சாகசம் எப்படி? முதல் பாகம் 'பரஞ்சோதி யாத்திரை' நல்ல வேகம். மதயானை மேல் வேல் எறிவது, சிறை, தப்புதல், எதிரி முகாம் என்று பக்கங்கள் பறக்கும். முற்றுகைக்குப் பிறகு வேகம் குறைந்து மனப்போராட்டம் கூடும். சாகசத்துக்காக மட்டும் வந்தவர் மூன்றாம் பாகத்தில் கொஞ்சம் தளர்ந்துபோகலாம். முடிவும் கனமானது, நான்காம் பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'. சந்தோஷமாகப் புத்தகத்தை மூட வேண்டும் என்று நினைப்பவர், மனம் சரியில்லாத நேரத்தில் துணைக்குப் புத்தகம் தேடுபவர், இதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

## யவன ராணி: சூழ்ச்சியும் கவர்ச்சியும்

புகார்க் கடற்கரையில் இரவில் நடந்து வருகிறான் சோழர் படை உபதலைவன் இளஞ்செழியன். காலில் ஏதோ இடறுகிறது. குனிந்து பார்த்தால், அலை ஒதுக்கிப்போட்ட ஒரு பெண். சாண்டில்யன் கதை தொடங்கும் விதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். முதல் பக்கத்திலேயே வாசகர் மாட்டிக்கொள்வார்.

அவள் யவன ராணி, அதாவது கிரேக்க, ரோமானிய மேலைநாட்டைச் சேர்ந்தவள். தமிழ் மண்ணில் ஆட்சி அமைப்பாள் என்று சோதிடம் சொல்லி அனுப்பப்பட்டவள். அவனோ அந்த மண்ணைக் காக்க வேண்டியவன். அவனுக்காகப் பூவழகி என்ற காதலி வேறு இருக்கிறாள். ஆக, காதல் வந்தாலும் ஏற்க முடியாது, அவளைப் பகைவி என்று ஒதுக்கவும் முடியாது. சோழ அரியணையோ சதியில் சிக்கியிருக்கிறது. இளம் கரிகாலன் எங்கே என்று தெரியவில்லை.

சாண்டில்யனின் நாயகிகளில் இந்த ராணிக்கு நான் தனி இடம் தருவேன். அவள் அழகுக்காக மட்டும் கதையில் இல்லை. கணக்குப் போடுகிறாள், காய் நகர்த்துகிறாள், நாயகனைவிட இரண்டு அடி முன்னால் யோசிக்கிறாள். காதலும் அதிகார ஆசையும் அவளுக்குள்ளேயே சண்டை போடுகின்றன. பூவழகி பக்கம் அந்த ஆழம் கிடையாது. கோபிப்பதும் காத்திருப்பதுமாகவே அவள் பொழுது பெரும்பாலும் போய்விடுகிறது.

வரலாறு மெல்லிய இழைதான். கரிகாலன் வெண்ணியில் சேரனையும் பாண்டியனையும் வென்றதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப் போனதையும் சொல்கின்றன. யவன அரசி ஒருத்தி இங்கே ஆள வந்தாள் என்பது முழுக்கக் கற்பனை. நுழையும்போதே இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தத் தொந்தரவும் இல்லை.

இங்கே வேறு வகையான செலவு ஒன்று இருக்கிறது: சாண்டில்யனின் வர்ணனை. நாயகி கதவைத் திறந்து வருவதற்குள் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். பெண்ணுடலை வர்ணிக்கும் பத்திகள் அடிக்கடி வரும். இன்றைய வாசகிகள் பலருக்கு அது எரிச்சல் தருகிறது, அந்த எரிச்சல் நியாயமானதும் கூட. பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. மற்றபடி சாண்டில்யனை முதன்முதலில் படிப்பவர் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். இரண்டே பாகம், அவருடைய பலம், பலவீனம் இரண்டும் இதிலேயே தெரிந்துவிடும்.

## கடல் புறா: சாகசம்தான் முதலில்

கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் சமாதான ஓலையோடு இறங்குகிறான் கருணாகர பல்லவன். கலிங்கம் சோழர்களைச் சிறைபிடித்துக்கொண்டிருக்கும் நேரம். தப்பி ஓடும்போது அவன் நுழையும் மாளிகையில்தான் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியைச் சந்திக்கிறான். அவளும் அவள் தந்தை குணவர்மரும் உரிமையை மீட்கச் சோழர் உதவி தேடி வந்தவர்கள். இங்கிருந்து கதை கடலில் இறங்கினால், கரையேற மூன்று பெரிய பாகங்கள் ஆகும்.

சாகசத்தில் இதற்கு இணை இந்தப் பட்டியலில் இல்லை. பாய் விரிப்பது, காற்றைப் பார்த்துத் திசை மாற்றுவது, எதிரிக் கப்பலை எந்தப் பக்கம் நெருங்குவது, தளத்தில் யார் எங்கே நிற்பது என்று எல்லாவற்றையும் சாண்டில்யன் கண்ணில் தெரியும்படி எழுதுகிறார். நாயகனின் கப்பலே ஒரு பாத்திரம். புறா வடிவ முகப்போடு அது முதல்முறை தோன்றும் இடத்தில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் சிலிர்க்கும். சீனக் கடற்கொள்ளைக்காரன் அகூதா, அரபுக்காரன் அமீர் என்று துணைப்பாத்திரங்களும் பலம்.

காதலைத் தேடி வந்தவருக்குத்தான் ஒரு எச்சரிக்கை. இங்கே சுவர் அவ்வளவு உயரமில்லை. காஞ்சனாவுக்கும் கருணாகரனுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் தூரமும் போரும்தான். இரண்டாம் பாகத்தில் மஞ்சளழகி வந்து பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள். நாயகனுக்கு இரண்டு பெண்கள் மேலும் காதல். யாரை விடுவது என்ற வேதனை அவனைவிட அந்தப் பெண்களுக்கே அதிகம். அந்தக் காலத்து அரசர் வழக்கம் அது என்று எடுத்துக்கொள்பவருக்குப் பிரச்சினை இல்லை. ஒருவனுக்கு ஒருத்தி என்ற காதல்கதையை எதிர்பார்த்தால் மனம் கசக்கும்.

வரலாற்றில் பிடிமானம் உண்டு. தன்னிடம் வந்து வேண்டிய அரசனுக்காகக் கடாரத்தை வென்று கொடுத்ததாக சோழ மன்னன் வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி) சொல்கிறது. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. நாவலில் வரும் அநபாயர்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். கருணாகரத் தொண்டைமான் அவன் படைத்தலைவன், கலிங்கத்துப்பரணியின் வெற்றி வீரன். நாவலைப் படித்த கையோடு பரணியை எடுத்தவர்கள், கருணாகரன் பெயர் வரும் இடத்தில் பழைய நண்பனைப் பார்த்ததுபோல் மகிழ்வார்கள்.

நேரச் செலவு இதில்தான் அதிகம். தொடராக வந்ததால் முந்தைய வாரம் நடந்ததை நினைவூட்டும் பகுதிகள் அடிக்கடி வரும். ஒரே மூச்சில் படித்தால் அவை அலுக்கும். தினம் மூன்று நான்கு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் அவர் வைக்கும் கொக்கி அதன் வேலையைச் சரியாகச் செய்யும்.

## வேங்கையின் மைந்தன்: பலர் தாண்டிப்போகும் புத்தகம்

1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். இருந்தும் "அடுத்து என்ன படிக்கலாம்" பட்டியல்களில் இது கடைசியில்தான் வருகிறது. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது.

கதைக்களம் இராசேந்திர சோழன் காலம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் தோற்ற பாண்டியன் ஈழத்து மன்னனிடம் அடைக்கலமாகக் கொடுத்துவைத்த மணிமுடியையும் இந்திர மாலையையும் மீட்க, சோழப்படை கடல் கடக்கிறது. இராசேந்திரன் இவற்றைக் கைப்பற்றியது அவனுடைய மெய்க்கீர்த்தியிலேயே இருக்கிறது. நாயகன் கொடும்பாளூர் இளங்கோ. அவன் மனம் பறிபோவது ஈழ மன்னன் மகிந்தனின் மகள் ரோகிணியிடம். அவன் தேடி வந்த முடியை ஒளித்து வைத்திருப்பது அவள் குலம். ஒவ்வொரு சந்திப்பிலும் இவன் காதலனா, ஒற்றனா என்ற கேள்வி அவளுக்கு. இவள் காதலியா, பொறியா என்ற கேள்வி அவனுக்கு. அவள் தம்பி காசிபனின் வெறுப்பு இன்னொரு பக்கம். இராசேந்திரனின் மகள் அருள்மொழியும் இளங்கோவை மனத்தில் வைத்திருக்கிறாள். அங்கே பகை தடை, இங்கே மரியாதையும் நன்றியும் தடை.

தோற்றவர்களின் வலியை அகிலன் மறைக்கவில்லை என்பதுதான் இந்த நாவலை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம். வரலாற்றில் மகிந்தன் சோழநாட்டுக்குச் சிறையாகக் கொண்டுவரப்பட்டு இங்கேயே இறந்தான். வெற்றி முழக்கத்துக்கு நடுவில் அந்த அவமானம் ஒரு மகள் மனத்தை என்ன செய்யும் என்று ரோகிணி வழியாகக் காட்டுகிறார். சோழர் பெருமை மட்டும் பேசும் கதைகளைப் படித்துப் பழகியவருக்கு இது கண்திறப்பு. பொன்னியின் செல்வன் படித்தவருக்கு இன்னொரு பரிசும் உண்டு: வந்தியத்தேவர் இங்கே முதியவராக வருகிறார்.

நடை எளிமை, ஆனால் கல்கியின் குறும்போ சாண்டில்யனின் படபடப்போ இருக்காது. அரசியல் ஆலோசனைகள் நீளும். முதல் நூறு பக்கத்துக்குப் பொறுமை வேண்டும்.

## அப்புறம், பொன்னியின் செல்வன்?

இன்னும் படிக்காதவர்கள் அதில் தொடங்கலாமா என்று கேட்பதால் ஒரு வார்த்தை. ஐந்து பாகம், மிகச் சிறந்த சதிக்கதை. ஆனால் அதில் உண்மையான தடைக்காதலான ஆதித்த கரிகாலன், நந்தினி உறவு கதை தொடங்குவதற்கு முன்பே முறிந்துபோன ஒன்று. அதன் நெருப்பு கதை முழுக்க எரிகிறது, ஆனால் காதல் வளர்வதைப் பார்க்க முடியாது. தடைக்காதலுக்காகவே ஒரு நாவல் வேண்டும் என்றால் அது முதல் தேர்வு இல்லை.

## யாருக்கு எது

காதல்தான் முக்கியம், மனம் கனத்தாலும் பரவாயில்லை என்பவருக்குச் சிவகாமியின் சபதம். கடலும் கப்பலும்தான் வேண்டும், ஒரு மாதம் ஆனாலும் சரி என்பவருக்குக் கடல் புறா. சூழ்ச்சி செய்யும் பெண்ணை மையத்தில் பார்க்க ஆசைப்படுபவருக்கு யவன ராணி. இரண்டு வாரத்தில் முடிக்க ஒன்று, அல்லது வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க ஒன்று என்றால் பார்த்திபன் கனவு. காதலும் சாகசமும் ஒன்றையொன்று விழுங்காமல் சமமாக வர வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் வேங்கையின் மைந்தனைக் கையில் கொடுப்பேன்.

## வாங்கும் முன்

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூல் தொகுப்பில் மின்னூல்களாக இலவசமாகவே படிக்கலாம். அச்சுப் புத்தகமும் பல பதிப்பகங்களில் மலிவாகக் கிடைக்கிறது. மலிவுக்கு விலை கண்தான் கொடுக்கும்: பொடி எழுத்து, நெருக்கமான வரிகள், சில பதிப்புகளில் எழுத்துப்பிழைகள். பெற்றோருக்கு வாங்குவதாக இருந்தால், கடையில் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து எழுத்தின் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுருக்கப் பதிப்புகளும் சந்தையில் உண்டு. சிவகாமியின் சபதம் என்றால் பொருளடக்கத்தில் பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்ற நான்கு பெயர்களும் இருக்க வேண்டும்.

சாண்டில்யன் நாவல்களை வானதி பதிப்பகம் வெளியிடுகிறது. விலை கொஞ்சம் கூடுதல். கடல் புறாவை மூன்று பாகமும் சேர்த்து வாங்க வேண்டாம். முதல் பாகத்தை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். பாலூரிலிருந்து கருணாகரன் தப்பும் இடம் வரை படித்து, வர்ணனைகளும் உங்களுக்கு ஒத்துவந்தால், மீதி இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம்.